கொடி தெரிகிறது, சங்கு கேட்கவில்லை

மார்ச் 3

அக்காவுக்கு,

தம்பி எழுதுறேன். நீ, அத்தான், உங்க குட்டி வாலு மூணு பேரும் நல்லா இருக்கீங்களா? நான் நல்லா இருக்கேன். நல்லா இல்லாம இருக்கிறதுக்கு இந்தப் பாறையில வசதி கிடையாது.

வேலை என்னன்னு கேட்டிருந்த. கடலுக்கு நடுவுல ஒரு பாறை, அதுல ஒரு கலங்கரை விளக்கு, பக்கத்துல ஒரு கொட்டகை. கொட்டகைக்குள்ள காத்தை அழுத்தி மேல அனுப்புற ஒரு இன்ஜின். கூரைக்கு மேல லாரி டயர் அகலத்துக்கு வாய் வச்ச ஒரு சங்கு. வானம் தெளிவா இருந்தா விளக்கு, மூடுபனி வந்தா சங்கு. விளக்கைப் பார்த்துக்கிறவர் என் கூட இருக்கிற பெரிய ஆள். பேரே கொட்டாவி அண்ணன். வணக்கம் சொன்னாலும் பதிலுக்குக் கொட்டாவிதான் விடுவார். சங்கு என் பொறுப்பு.

பனியில விளக்கு ஏன் வேலைக்காகாதுன்னு தெரியுமா? வெளிச்சமும் அலைதான், ஆனா ரொம்பப் பொடிசு. பனித்துளி மேல மோதி நாலா பக்கமும் சிதறிடும். அதான் பனின்னா ஒரே வெள்ளைச் சுவர். சங்கோட அலை ஒரு ஆள் நீளம். பனித்துளியை அது ஆளாவே மதிக்காது, எறும்புக் கூட்டத்துல யானை நடந்த மாதிரி போய்க்கிட்டே இருக்கும். படிப்பைத்தான் விட்டேன், படிச்சதை விடல. அப்பா கேட்டா இதைச் சொல்லு.

போரடிச்சு சாகுறேன். உடம்பைப் பார்த்துக்கோ.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

அக்கா எழுதிக்கிறது. இங்க எல்லாரும் சுகம். உனக்கு சளி பிடிச்சா உடனே மருந்து போடு. பாறையில டாக்டர் முளைக்க மாட்டார்.

தார்ப்பாய் தைக்கிற வேலை நிறைய வருது. ஊசி குத்திக் குத்தி விரல் மரத்துப்போச்சு. நல்ல சேதி ஒண்ணு: அத்தானுக்கு சரக்குப் படகு ஓட்டுற வேலை கிடைச்சிருக்கு. படகோட்டி உரிமம் வாங்கி எட்டு வருஷமா அடுத்தவனுக்குக் கீழ நின்னவர், இப்போ அவர்தான் தலைவர். வாரா வாரம் உன் பாறையைத் தாண்டித்தான் போவார். எதிர்ல மணல் திட்டு இருக்காமே, பனி நாள்ல உன் சங்கை நம்பித்தான் திரும்பணுமாம்.

உன் யானைக் கதையை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். "மாப்ள ஊதினா தூக்கத்துல இருந்தாலும் எழுந்திருப்பேன்"னு சிரிச்சார். நம்ம வீட்டுல படிச்சவன் நீ ஒருத்தன்தான்டா. பாதியில விட்டாலும் படிச்சவன் படிச்சவன்தான்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஏப்ரல் 14

அக்காவுக்கு,

அத்தானுக்கு ஒரு கீறல்கூட இல்லன்னு ரேடியோவுல சொன்னாங்க. படகுல இருந்த யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதைக் கேட்டு மூச்சு வந்துச்சு. நீ எப்படி இருக்க? வாலு பயந்துட்டாளா?

சரி, இப்போ விஷயத்துக்கு வர்றேன். படகு திட்டுல ஏறி உடைஞ்சதுக்குக் காரணம் சங்கு ஊதாததுதான்னு அத்தான் துறைமுகத்துல சொல்லியிருக்காராம். விசாரணைக்காரங்க எனக்குத் தாள் அனுப்பியிருக்காங்க, "ஏன் ஊதவில்லை?"ன்னு. ஏன் ஊதலயா! காலையில பனி இறங்கினதுல இருந்து இன்ஜினை நிறுத்தவே இல்ல. என் காது இன்னும் ரீங்காரம் போடுது. கொட்டாவி அண்ணனே அன்னிக்குத் தூங்கலன்னா பார்த்துக்கோ.

இதுல இன்னொரு கூத்து. அதே படகுல கொடிமர விளக்கை மாட்ட மேல ஏறியிருந்தவன், ஒல்லின்னு ஒருத்தன், "எனக்குக் கேட்டுச்சு"ன்னு சொல்றான். மேல இருக்கிறவனுக்குக் கேட்டது கீழ நிக்கிறவருக்குக் கேட்கலயாம். நல்லா இருக்கு கதை.

பதில் எழுதிக் கொடுத்துட்டேன். அப்படியே சொல்றேன்: "ஒலி அலைகள் எல்லாத் திசைகளிலும் பரவுபவை, தடைகளை வளைந்து கடப்பவை. அவ்வளவு அருகில் இருந்த படகுக்குச் சங்கொலி கேட்காமல் இருப்பது இயற்பியல்படி சாத்தியமில்லை." அதுக்குக் கீழ, கோவத்துல, "இது செவிடன் காதில் ஊதிய சங்கு"ன்னும் எழுதிட்டேன்.

கோவிச்சுக்காத. என் வேலை போயிடும்க்கா. உடம்பைப் பார்த்துக்கோ.

தம்பி


ஏப்ரல் 30

தம்பிக்கு,

நாங்க இருக்கோம். நீ எப்படி இருக்க?

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன், கோவப்படாம பதில் சொல்லு. நீ நிஜமாவே ஊதினியா? கண் அசந்துட்டியா? அசந்திருந்தா என்கிட்ட மட்டும் சொல்லு. உன்னைக் காட்டிக் கொடுக்க மாட்டேன்.

அவர் சாப்பிடுறதும் இல்ல, பேசுறதும் இல்ல. கேட்டா ஒரே வார்த்தை: "கேட்கல." குத்தம் அவர் மேலன்னா உரிமத்தையே ஒரேயடியா பிடுங்கிடுவாங்களாம். தானா ஒத்துக்கிட்டா மூணு வருஷம் உரிமத்தை முடக்குறதோட போகுமாம். இப்படித்தான் கண்ணாடிக்காரர் சொல்றார். கண்ணாடிக்காரர்னா விசாரணை அதிகாரி. எல்லாருக்கும் புரியுது, எனக்கு மட்டும்தான் யாரை நம்புறதுன்னு புரியல.

சீக்கிரம் எழுது.

அக்கா


மே 6

அக்காவுக்கு,

எல்லாரும் சுகமான்னு கேட்கணும், கேட்டாச்சு.

நீயே என்னை நம்பலன்னா நான் யார்கிட்ட போய் முட்டிக்கிறது? ஊதினேன். ஊதினேன். ஊதினேன். போதுமா?

வகுப்புல அந்தப் பாடம் நடந்தப்போ ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டு இருந்தேன், ஒத்துக்கறேன். ஆனா இது ஜன்னல் வழியாவே தெரியுற விஷயம். பக்கத்து அறையில பேசுறது ஏன் கேட்குது? சத்தம் கதவு இடுக்குல நுழைஞ்சு விரிஞ்சு வரும். வெளிச்சம் அப்படி வராது, நிழல் விழுந்துடும். சத்தத்துக்கு நிழல் கிடையாது. அவ்வளவுதான் பாடம். அப்போ மிச்சம் ரெண்டே வழி. அத்தான் தூங்கியிருக்கணும். இல்லன்னா பொய் சொல்லணும். அவரே சொன்னார்ல, "தூக்கத்துல இருந்தாலும்"னு?

வாயால சொல்லி யாரும் நம்பப் போறதில்ல. அன்னிக்கு அடிச்ச மாதிரி திட்டுல இருந்து பாறைப் பக்கம் கடல்காத்து அடிக்கிற ஒரு நாள் பார்த்து, எங்களுக்குச் சரக்கு கொண்டு வர்ற படகுல நானே திட்டுக்குப் போறேன். கொட்டாவி அண்ணன் சங்கு ஊதுவார். பனி இல்லாத நாளா இருந்தா அவரையும் பார்க்கலாம். ஒவ்வொரு தடவை ஊதும்போதும் சிவப்புக் கொடியை இறக்கச் சொல்லியிருக்கேன், "நீ எப்போ ஊதின"ன்னு அப்புறம் வாய்த்தகராறு வரக்கூடாதுல்ல. அதைக் கேட்டுட்டு எழுதுறேன். அப்புறம் பேசட்டும் அத்தான்.

வாலுவுக்கு முத்தம்.

தம்பி


மே 24

தம்பிக்கு,

இங்க சுகம். நீ சுகமா இரு.

விசாரணை முடிஞ்சது. நீ எழுதிக் கொடுத்த பதிலை அங்க சத்தமா வாசிச்சாங்க. வாலுவுக்கு ரெண்டு பல் முளைச்சிருக்கு. தார்ப்பாய் வேலை இருக்கு. மழை இல்ல.

அக்கா


ஜூன் 2

அக்காவுக்கு,

நீ எப்படி இருக்க? அத்தான் எப்படி இருக்கார்? இதை மொதல்ல சொல்லு. நாலு வரி எழுதியிருக்க, அதுல பல்லு இருக்கு, மழை இருக்கு, அத்தான் இல்ல.

உன் கடிதம் எங்க பாறைக்கு வர்ற சரக்குப் படகுலதான் வந்துச்சு. அதே படகுலதான் நான் திட்டுக்குப் போனேன். பிரிக்காம சட்டைப்பையில வச்சுக்கிட்டேன். ஜெயிச்சுட்டு வந்து படிக்கலாம்னு ஒரு திமிரு.

கிளம்பினப்போ சங்கு காதைக் கிழிச்சுது. படகுக்காரர் காதைப் பொத்திக்கிட்டு, "தம்பி, இதுவா கேட்கலன்னு சொன்னாரு உங்க அத்தான்?"னு சிரிச்சார். நானும் சிரிச்சேன். தூரம் போகப் போக சத்தம் குறைஞ்சுது. குறையும், அது நியாயம். திட்டுக்குப் பக்கத்துல வந்ததும் கொடி இறங்குச்சு, நல்லா பளிச்சுன்னு. நான் காத்திருந்தேன். சத்தம் பின்னாடிதானே வரும், மின்னல் வெட்டி இடி வர்ற மாதிரி. வரல.

கொடி மறுபடி ஏறி மறுபடி இறங்குச்சு. ஒண்ணும் இல்ல. "இன்ஜினை நிறுத்துங்க!"ன்னு கத்தினேன். நிறுத்தினார். தண்ணி பலகையில தட்டுற சத்தம் கேட்குது, படகுக்காரர் மூக்கு உறிஞ்சுறது கேட்குது, சங்கு கேட்கல. கொடி மட்டும் ஊமைப் படம் மாதிரி இறங்கி இறங்கி ஏறுது. கொட்டாவி அண்ணன் கொடியை மட்டும் ஆட்டிட்டு ஊதாம ஏமாத்துறார்னு வெறி வந்துடுச்சு. நல்லா பார்க்கலாம்னு படகோட கொடிமரத்துல ஏறினேன்.

பாதி ஏறினதும் கேட்டுச்சுக்கா. கொடி இறங்குது, கொஞ்ச நேரம் கழிச்சு, தூரத்துல மாடு கத்துற மாதிரி சங்கு. இறங்கினேன், போச்சு. ஏறினேன், வந்துச்சு. இப்படியே ஏறி இறங்கி ஏறி இறங்கி. "என்ன தம்பி, குரங்குக்கு வேலை கிடைச்ச மாதிரி?"ன்னார் படகுக்காரர். அவரையும் ஏத்திவிட்டேன். இறங்கினவர் அப்புறம் சிரிக்கல.

ஒல்லி மேல இருந்தான், கேட்டான். அத்தான் கீழ இருந்தார், கேட்கல. ஒருத்தரும் பொய் சொல்லல. பொய் எழுதினது நான் ஒருத்தன்தான், அதுவும் "இயற்பியல்படி"ன்னு.

ஏன்னு எனக்கு இன்னும் தெரியல. என் பழைய பிசிக்ஸ் புத்தகம் உன் தையல் மேஜைக் காலுக்குக் கீழ இருக்கும். உடனே அனுப்பு. விசாரணை எப்படி முடிஞ்சதுன்னும் எழுது.

தம்பி


ஜூலை 1

அக்காவுக்கு,

நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும். இருக்கீங்களான்னு தெரியல.

புத்தகம் வந்துச்சு. கடிதம் வரல. பொட்டலத்தை ரெண்டு தடவை உதறிப் பார்த்தேன்.

ஒலிப் பாடத்துல நான் வச்ச பஸ் டிக்கெட் அப்படியே இருக்கு. அதோட நான் நிறுத்திட்டேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினா படமே போட்டிருக்கு: ஒரு பக்கம் மணி அடிக்குது, எதிர்க்காத்துல சத்தம் வில்லு மாதிரி மேல வளைஞ்சு, தரையில நிக்கிறவன் தலைக்கு மேல போகுது. ஒரே ஒரு பக்கம்க்கா. ஒரு பக்கம் திருப்ப எனக்கு வலிச்சிருக்கு.

விஷயம் இதுதான். ஒரு வரிசை ஆளுங்க தோளோட தோள் சேர்த்து நடந்து வர்றாங்கன்னு வச்சுக்கோ. ஒரு ஓரத்துல இருக்கிறவங்க சேத்துல கால் வச்சா அவங்க மெதுவாகி, மொத்த வரிசையும் சேறு இருக்கிற பக்கமா திரும்பிடும். அலையும் அப்படித்தான், எந்தப் பக்கம் மெதுவா போகுதோ அந்தப் பக்கம் வளையும். வெளிச்சமும் இதே கதைதான். வெயில்ல ரோட்டுல தண்ணி கிடக்கிற மாதிரி தெரியுதே, அதுகூட இப்படி வளைஞ்சு வர்ற வெளிச்சம். கடல் மேல காத்து தண்ணியை ஒட்டி மெதுவா அடிக்கும், மேல போகப் போக வேகமா அடிக்கும். எதிர்த்துப் போற சத்தத்துக்கு மேல்பக்கம்தான் சேறு. அதனால மேல வளைஞ்சு போயிடுது. திட்டு இருக்கிற இடத்துல சத்தத்துக்கு நிழல் விழுந்திருக்கு. நிழலே கிடையாதுன்னு உனக்கு எழுதினவன் நான்.

இதையெல்லாம் எழுதி கண்ணாடிக்காரருக்கு அனுப்பினேன். ரெண்டு வரியில பதில்: "படகோட்டி சங்கொலி கேட்டதாகத் தாமே ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டுள்ளார். மறுவிசாரணைக்கு இடமில்லை."

கேட்காத சங்கைக் கேட்டேன்னு எந்த மடையன் கையெழுத்துப் போடுவான்? பயந்துட்டாரா? யார் போட வச்சது? சுவர்ல முட்டிக்கலாம் போல இருக்கு, இங்க சுவர்கூட வட்டமா இருக்கு. இந்தத் தடவையாவது பதில் எழுது.

தம்பி


ஜூலை 22

தம்பிக்கு,

உடம்பு நல்லா இருக்கா? என் உடம்புக்கு ஒண்ணும் இல்ல.

போட வச்சது நான்.

உன் பதிலை அங்க வாசிச்சப்போ நான் பின்வரிசையில உட்கார்ந்திருந்தேன். செவிடன்னு வந்ததும் ரெண்டு பேர் சிரிச்சாங்க. அவர் மறுநாளே காது டாக்டர்கிட்ட போனார். தனக்குத்தான் காது கேட்கலயோன்னு அவருக்கே சந்தேகம் வந்துடுச்சு. டாக்டர் நல்லா சோதிச்சுட்டு, காது அருமையா இருக்குன்னார். சந்தோஷப்பட்டிருக்கணும். வீட்டுக்கு வந்து நான் என்ன கேட்டேன் தெரியுமா? "அப்போ காது மேல தப்பில்ல, தூங்கிட்டீங்க, அப்படித்தானே?"

"நான் சொல்றேன், நீ நம்பமாட்டியா?"ன்னார்.

"படிச்சவன் சாத்தியமில்லன்னு எழுதியிருக்கான். சங்கு கேட்டுச்சு, கவனிக்கலன்னு ஒத்துக்கிட்டா மூணு வருஷம். அடம்பிடிச்சா மொத்தமும் போயிடும். வாலுவை நினைச்சுப் பாருங்க"ன்னேன்.

 போய் கையெழுத்துப் போட்டுட்டு வந்தார். இப்போ கிடங்குல மூட்டை அடுக்குறார். வர்றார், சாப்பிடுறார், குழந்தையோட விளையாடுறார். என் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை கிடையாது. அப்புறம் உன் ஜூன் கடிதம் வந்துச்சு. அதை அவர் தட்டுப் பக்கத்துல வச்சேன். படிச்சார், மடிச்சார், கையைக் கழுவப் போயிட்டார். உனக்கு நான் என்னத்தை எழுதுறது? புத்தகத்தை மட்டும் அனுப்பினேன். மேஜை இப்போ ஆடுது.

உன் வரிசையும் சேறும் எனக்குப் புரியுது. புரிஞ்சு என்ன பண்ண? தாள்ல இருந்ததை நம்பித்தான் ஒரு தடவை கெட்டேன். அந்த இடத்துல என்னை ஒரு தடவை நிக்க வை. என் காதால கேட்கணும். இல்ல, கேட்காம இருக்கணும்.

அக்கா


ஆகஸ்ட் 5

அக்காவுக்கு,

எல்லாரும் சுகமா இருங்க.

உன் மேல எனக்குக் கோவம் இல்ல. என் மேல இருக்கிறதே தாங்கல, உனக்குப் பங்கு தர மிச்சமில்ல.

சரக்குப் படகுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். இந்த மாசம் கடல்காத்து சரியா அடிக்கிற நாள்ல உன்னை ஏத்திக்குவார். இப்போ அலை பெருசு, பாறையில இறங்க விடாது. அதனால பேச வேண்டி இருக்காது, நல்லதாப் போச்சு. நான் ஊதுறேன், கொட்டாவி அண்ணன் கொடி இறக்குவார். அவர்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். கொட்டாவி விடாம முழுசா கேட்டார்.

அத்தானையும் கூட்டிட்டு வா. வரலன்னா இழுத்துட்டு வா. என் பேரைச் சொல்லாத.

தம்பி


ஆகஸ்ட் 27

தம்பிக்கு,

அக்கா எழுதிக்கிறது. எல்லாரும் சுகம். இந்தத் தடவை நிஜமாவே எல்லாரும்னு எழுதுறேன்.

வந்தோம். நீ எங்களைப் பார்த்தியான்னு தெரியல. எனக்கு நீ கொட்டகை வாசல்ல ஒரு புள்ளியா தெரிஞ்ச. அவர் வரமாட்டேன்னு சொல்லல, வர்றேன்னும் சொல்லல. காலையில செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னார். படகுல பாறைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்துட்டார்.

திட்டு வந்ததும் படகுக்காரர் இன்ஜினை நிறுத்தினார். கொடி இறங்குச்சு. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். முந்தானை படபடன்னு அடிச்சுது, அதை இழுத்துக் கையில சுருட்டிக்கிட்டேன். மறுபடி இறங்குச்சு. மறுபடி. நீ அங்க உயிரை விட்டு ஊதுறன்னு எனக்குத் தெரியும். கொடி பொய் சொல்லாதுன்னும் தெரியும். ஆனா அங்க ஒண்ணுமே இல்லடா. வெறும் காத்து.

அப்போதான் அவர் திரும்பினார். "கேட்குதா?"

மே மாசத்துக்கு அப்புறம் என்கிட்ட பேசின மொத வார்த்தை. "கேட்கல"ன்னேன்.

"நல்லா யோசிச்சு சொல்லு. படிச்சவங்க கேட்கும்னு எழுதியிருக்காங்க."

"கேட்கலங்க."

"தூங்கிட்டியா?"

நான் அழுதேன்.  படகுக்காரர் கடலை அப்போதான் புதுசா பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டார். இவர் எழுந்து, சட்டைக்கையை மடிச்சுவிட்டுக் கொடிமரத்துல ஏறினார். மேல ரொம்ப நேரம் நின்னார். கொடி எத்தனை தடவை இறங்குச்சோ தெரியல. இறங்கி வந்து படகுக்காரர்கிட்ட சொன்னார், என்கிட்ட இல்ல: "மாப்ள ஊதத்தான் செஞ்சிருக்கான். நான்தான் அவன் அசந்துட்டான்னு இத்தனை நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

வீட்டுக்கு வந்து கண்ணாடிக்காரருக்கு நானே எழுதினேன். திட்டுல நின்னேன், கொடி தெரிஞ்சுது, சங்கு கேட்கல, என் வீட்டுக்காரரைக் கையெழுத்துப் போடச் சொன்னவள் நான்தான்னு எழுதினேன். படகுக்காரரும் கீழ கையெழுத்துப் போட்டார். மறுவிசாரணை வருமோ வராதோ தெரியல. இன்னும் ஒரு பதிலும் இல்ல. தினமும் தபால்காரரை வழியில மறிச்சுக் கேட்கிறேன். என்னைக் கண்டாலே அவர் சைக்கிளைத் திருப்பிடுறார். ஊதுற சங்கை ஊதி வைப்போம்.

அதை எழுதும்போது இவர் பின்னாடி வந்து நின்னார். மேஜை ஆடி எழுத்து கோணிக்கிட்டே போச்சு. "என்ன கிறுக்குற? தெளிவா எழுதித் தொலை!"ன்னு அதட்டினார். அப்புறம் மேஜையை ஒரு கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டார், எழுதி முடிக்கிற வரைக்கும்.

அந்த அதட்டல் எனக்கு நல்லா கேட்டுச்சுடா.

உடம்பைப் பார்த்துக்கோ. காதுல பஞ்சு வச்சுக்கோ.

அக்கா